அறியாவினாவும் ஆங்கிலப் பாடமும்

வினா அறுவகைப்படும் என்பது நன்னூல் கற்றார் அனைவரும் அறிந்ததே. அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா எனப் பவணந்தி முனிவர் அவற்றை வகுத்துரைத்தார். தாம் விடையறிந்த ஒன்றை மாணாக்கன் அறிவானோ எனச் சோதிக்கும்பொருட்டு ஆசிரியர் வினவுவது அறிவினா. தான் அறியாததை அறிந்துகொள்ளும்பொருட்டு மாணாக்கன் வினவுவது அறியாவினா. இலக்கணப் பாடத்திலே இவற்றை மனனஞ் செய்து புள்ளி பெற்ற நாம், இப்பாகுபாட்டை நமது ஆங்கில வகுப்பறையோடு பொருத்திப் பார்க்க நினைப்பதில்லை. பொருத்திப் பார்ப்போமாயின் ஓர் உண்மை புலனாகும். அவ்வறையில் ஆறு வினாக்களுள் ஒன்றே ஆட்சி செய்கின்றது. ஏனைய ஐந்தும் வாயிலுக்கு வெளியே நிற்கின்றன.

ஆசிரியர் எழுதுகோலை உயர்த்திப் பிடித்து, "வாட் இஸ் திஸ்?" என்கிறார். அஃது எழுதுகோல் என்பதை ஆசிரியரும் அறிவார், பிள்ளையும் அறியும். நாற்பது குரல்கள் ஒருமித்து விடை பகர்கின்றன. இப்பயிற்சி வேண்டாததன்று; நாவு பழகுவதற்கு அஃது உதவும். ஆயினும் அறிந்தவர் அறிந்தவரை வினவும் இவ்வினாவினால் புதிதாக அறியக் கிடப்பது யாது? ஒரு மொழியை நாம் கற்பது, அறியாதது ஒன்றை அம்மொழியின் வாயிலாக அறிந்துகொள்வதற்கே. அந்நோக்கத்தை முதல் நாளிலிருந்தே மறைத்து வைத்துவிட்டு, பத்து ஆண்டுகளின் பின்னர், "இப்பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் ஆர்வமில்லை" என்று வருந்துகிறோம். ஆர்வம் இல்லாமற் போகவில்லை. அது வினவுவதற்கு இடமின்றி அடங்கிக் கிடக்கின்றது. அதனை எழுப்புதற்குரிய வழி யாதென்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதனை நாம் கொத்மலையை முன்னிறுத்தி ஆராய்வோம். ஒரு பள்ளத்தாக்கினுள்ளே மும்மொழிகளும் ஒன்றையொன்று எதிர்கொள்ளும் இடம் அது. தாழ்நிலத்திலே சிங்களக் கிராமங்கள். மலைச்சாரலிலே தமிழர் வாழும் தேயிலைத் தோட்டங்கள். தோட்டத்தின் கணக்கிலும் தொழிற்சாலையின் பெட்டியிலும் ஆங்கிலம். 1987ஆம் ஆண்டில் அரசியலமைப்புக்குச் செய்யப்பட்ட பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என வகுத்தது. ஆனால் தோட்டப் பிள்ளைக்கு அவ்விணைப்பு எளிதிற் கிட்டியதன்று. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் எழுத்தறிவு புகட்டும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மேற் சுமத்தியது. அதற்கப்பால் ஒரு படியும் அங்கு இருக்கவில்லை. 1945இல் நாட்டிற்கு இலவசக் கல்வி வந்தபோதும் அதன் நிழல் நெடுங்காலம் தோட்டங்களை எட்டவில்லை. 1970களிலேதான் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. 1990களின் இறுதியில் நிகழ்ந்த கல்விச் சீர்திருத்தம் முதலாம் வகுப்பிலேயே செயல்வழி வாய்மொழி ஆங்கிலத்தைப் புகுத்தியது. ஆகவே பாடம் வந்துவிட்டது. அப்பாடம் பிள்ளைக்கு எதனைக் கொடுத்துச் செல்கின்றது என்பதே இன்று எஞ்சியுள்ள வினா.

இவ்விடத்தில் மைக்கேல் வெஸ்ட் என்னும் கல்வியாளரை நினைவுகூர்தல் தகும். 1920களில் வங்காளத்து டாக்கா நகரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிற் பணியாற்றியவர் அவர். ஆங்கிலம் கற்கத் தொடங்கும் பிள்ளைகளுட் பெரும்பாலோர் இடையிலே பள்ளியை விட்டு நீங்குவதை அவர் கண்டார். காப்புறுதிப் பத்திரம் ஒன்றை இடையிற் கைவிடுவோனுக்கும் ஒரு தொகை திரும்பக் கிடைக்கின்றதன்றோ? அதுபோல, இரண்டாண்டு கற்று நீங்கிய பிள்ளையின் கையிலும் ஆங்கிலம் ஏதேனும் ஒரு பயனை விட்டுச் செல்ல வேண்டும் என அவர் வாதித்தார். எளிய சொற்களால் அமைந்த வாசிப்பு நூல்களை அவர் இயற்றியதும் இந்நோக்கம் பற்றியே. வறுமையினாற் பள்ளியை விட்டுக் கொழும்பிலே கடைச் சிப்பந்தியாகவோ வீட்டுப் பணியாளாகவோ செல்லும் மலைநாட்டுப் பிள்ளையை எண்ணும்போது இவ்வாதத்தின் வலிமை நன்கு விளங்கும். அப்பிள்ளையுடன் செல்லத்தக்க செல்வம் மனனஞ் செய்த வாக்கியங்கள் அல்ல. அவை ஓராண்டினுள் மறைந்துபோம். தெரியாததைக் கேட்கவும், கேட்டதைத் தேடவும் துணியும் பழக்கம் ஒன்றே நிலைத்து நிற்கும்.

இனி, வீட்டிலே ஓயாது வினவும் பிள்ளை ஆங்கில வகுப்பில் ஊமையாவது ஏன் என நோக்குவோம். காரணங்கள் இரண்டு. முதலாவது, அதன் அறிவு பத்து வயதினது. அதன் ஆங்கிலமோ இரண்டு வயதினது. கேட்க விரும்புவதைக் கேட்கச் சொல் இல்லை. சொல் வரும்வரை காத்திரு என்றால் வினா ஆறிப்போகின்றது. இரண்டாவது, பிழைக்கு அஞ்சும் அச்சம்.

அச்சத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 1958இல் யீன் பெர்க்கோ என்னும் அமெரிக்க அறிஞர், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட சிறார்க்குப் பறவை போன்றதொரு கற்பனைப் பிராணியின் படத்தைக் காட்டி, "இது வக்" என்றார். பின்னர் இரண்டு பிராணிகளைக் காட்டி அவற்றின் பெயரைக் கேட்டார். முன்பு எவரும் சொல்லக் கேட்டிராத அச்சொல்லுக்குச் சிறார் தாமே பன்மை விகுதி சேர்த்துச் சொல்லினர். பிள்ளை கேட்டதைத் திருப்பிச் சொல்லும் கிளியன்று, விதியைத் தானே கண்டுபிடிக்கும் ஆராய்ச்சியாளன் என்பது இதனாற் பெறப்பட்டது. நமது பிள்ளை 'வென்ட்' என்பதற்குப் பதிலாக 'கோட்' என்று கூறுமாயின், அது சோம்பலினால் வந்த பிழையன்று. விதியொன்றைத் துணிந்து சோதித்ததன் விளைவு. அவ்விடத்திற் சிவப்பு மையால் அடிப்பதோடு நின்றுவிடின் சோதனை நின்றுவிடும். "உன் விதி நன்று, ஆனால் இச்சொல் அவ்விதிக்கு அடங்காதது, இதுபோல் அடங்காதன வேறு உளவோ, தேடுவோம்" என்று கூறின் சோதனை தொடரும்.

முதற்காரணத்திற்கு மாற்று யாதெனில், வினாவைத் தாய்மொழியிற் பிறக்க விடுதலே. தமிழிற் கேட்கட்டும், விடையை ஆங்கிலத்திலே தேடட்டும், தேடியதைத் தமிழிலே சொல்லட்டும். இதனாற் பிள்ளையின் ஆங்கிலம் கெடும் என அஞ்சுவோர்க்குக் கொத்மலையே சான்று தந்துள்ளது. 1989இல் அங்கு ஒரு சமூக வானொலி நிலையம் தொடங்கப்பட்டது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோ நிறுவனத்தின் துணையுடன் அந்நிலையத்திற்கு இணைய வசதி கிடைத்தது. அக்காலத்து இணையம் பெரும்பாலும் ஆங்கிலமே. நேயர்களுட் பெரும்பாலோர் ஆங்கிலம் அறியாதோர். அவர்கள் வீட்டிற் கணினியும் இல்லை. ஆகவே நேயர்கள் தம் ஐயங்களைத் தம் மொழியில் எழுதியனுப்பினர். அறிவிப்பாளர்கள் அவற்றுக்குரிய செய்திகளை இணையத்தில் ஆங்கிலத்திலே தேடியெடுத்து, வேண்டியவிடத்துத் துறையறிந்தோரையும் அழைத்து, மக்கள் மொழியில் ஒலிபரப்பினர். ஒலிபரப்பு பெரும்பாலும் சிங்களத்திலே நிகழ்ந்தது எனினும், அது காட்டிய நெறி எம்மொழியார்க்கும் பொதுவானது. உலக நாடுகள் பல இம்முயற்சியை வியந்து நோக்கின. வினா உழவனுடையது, ஏணி ஆங்கிலம், விடை வந்து இறங்கிய முற்றம் தாய்மொழி. ஒரு வானொலி நிலையம் செய்ததை ஒரு வகுப்பறை செய்தல் அரிதன்று.

எதனைப்பற்றி வினவுவது? பாடநூலிற் பனிமனிதனும் பாதாளப் புகைவண்டியும் வரலாம். ஆனால் வியப்புக்குரிய பொருள் தேடி அத்துணைத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. தோட்டப் பிள்ளை பள்ளிக்கு வருமுன்னரே ஆங்கிலச் சொற்கள் பலவற்றை வாயிற் சுமந்து வருகின்றது. அது பிறந்து வளர்ந்த வீடு 'லயன்'. வரிசையாகக் கட்டப்பட்ட அறைகளை ஆங்கிலேயர் 'லைன்' என்றனர். மக்கள் நாவில் அது லயன் ஆயிற்று. ஆங்கிலப் பாடத்தில் 'லயன்' என்பது சிங்கம் என்று ஆசிரியர் கூறும்போது, பிள்ளையின் மனத்தில் எழும் திகைப்பைக் கற்பனை செய்க. நம் வீட்டிற்குச் சிங்கத்தின் பெயர் வந்தது எவ்வாறு? அத்திகைப்பே பாடத்தின் வாயில். காலையில் ஆட்களை நிரைப்படுத்தும் 'பெரட்டு', 'பரேட்' என்பதன் திரிபு என்பர். 'செக்றோல்', 'டிவிசன்', 'கண்டாக்கையா' எனப் பட்டியல் நீளும். அதே வேளையில் நம் சொற்களும் அங்குச் சென்றுள்ளன. 'கங்காணி' ஆங்கில அறிக்கைகளில் ஏறியது. தொழிலாளியின் கடனைப் பொறித்த 'துண்டு' சட்டச் சொல்லாகியது. அத்துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. அணைக்கட்டு என்னும் நம் சொல்லே ஆங்கிலத்தில் 'அனிக்கட்' என வழங்குகின்றது. இதனை அறியும் பிள்ளை, ஆங்கிலம் மேலிருந்து இறங்கிவந்த தெய்வ மொழியன்று, நம்மோடு கொண்டும் கொடுத்தும் வளர்ந்த மொழியே என்பதனை உணரும். தாழ்வுணர்ச்சி நீங்கிய இடத்திலேதான் வினா முளைக்கும்.

தேயிலை என்னும் சொல்லையே எடுத்துக்கொள்க. தே என்பதும் இலை என்பதும் சேர்ந்த தொடர் அது. தென்சீனத்து மொழியொன்றில் அச்செடிக்குத் 'தே' என்பது பெயர். அதனையே ஒல்லாந்த வணிகர் மேற்றிசைக்குக் கொண்டு சென்றனர். ஆங்கிலத்தின் 'டீ'யும் அதுவே. தொழிற்சாலைப் பெட்டியின்மேற் பொறிக்கப்படும் பி. ஓ. பி. என்னும் மூன்று எழுத்துக்களுள் இறுதியானது 'பெக்கோ' என்பதனைக் குறிக்கும். அதுவும் சீனச் சொல். வெண்ணிறப் பூந்துய் எனப் பொருள்படும். தாயின் கூடையிலிருந்து இளங்கொழுந்து ஒன்றை எடுத்து வெயிலிற் பிடித்தால் மென்மையான அவ்வெண்டுய் பிள்ளையின் கண்ணுக்கே தெரியும். அகராதியும் கொழுந்தும் ஒரே மேசையில் இருக்கும் பாடம் எந்நாளும் மறவாது.

தோட்டங்களின் பெயர்களும் அத்தகையனவே. கொத்மலைப் பகுதியிலுள்ள பூண்டுலோயாவில் ஈற்றன், ஹறோ என இரு தோட்டங்கள் உள்ளன. இரண்டும் இங்கிலாந்தின் புகழ்பெற்ற பள்ளிக்கூடங்களின் பெயர்கள். அங்கேயே டன்சினன் என்னும் தோட்டமும் உளது. டன்சினன் ஸ்கொத்லாந்திலுள்ள ஒரு குன்று. சேக்சுபியரின் மக்பெத் நாடகத்திலே, காடு எழுந்து டன்சினன் குன்றை நோக்கி வரும்வரை உனக்குத் தோல்வியில்லை என்று அரசனுக்குக் குறி கூறப்படுகின்றது. பின்னர், பகைவர் மரக்கிளைகளை ஏந்தி மறைந்து வர, காடே நடந்து வருகின்றது. 'காடு நடக்குமோ?' என்னும் ஒரு வினாவைக் கொண்டு ஆசிரியர் ஒரு வாரப் பாடம் நடத்தலாம். சேக்சுபியரைச் செகசிற்பியார் எனத் தமிழாக்கி, அவர்தம் நாடகங்களை நம் நாடக மரபோடு ஒப்பவைத்து 1926இல் மதங்க சூளாமணி என்னும் நூல் தந்த விபுலாநந்த அடிகள், இரு மொழியறிவும் ஒருவரிடத்திற் பகையின்றி வளரும் என்பதற்கு நம் நாடு கண்ட எடுத்துக்காட்டு.

இயற்கைப் பொருளும் குறைவின்றி உண்டு. எட்வேட் ஏர்னஸ்ட் கிறீன் என்னும் தோட்டத் துரை ஒருவர், பூண்டுலோயாவில் வாழ்ந்த காலத்தில் இலையிலும் தண்டிலும் ஒட்டி வாழும் செதிற்பூச்சிகளை உற்றுநோக்கத் தொடங்கினார். அவ்வாராய்ச்சி 1896 முதல் 1922 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்த பெருநூலாயிற்று. அவர் இலங்கை அரசின் பூச்சியியல் அறிஞருமானார். அவர் குனிந்து நோக்கிய அதே செடிகளுக்கிடையேதான் நம் பிள்ளைகள் நாள்தோறும் நடந்து பள்ளிக்கு வருகின்றனர். 1985இல் முடிவுற்ற கொத்மலை நீர்த்தேக்கத்தை நோக்குக. 87 மீற்றர் உயர்ந்த அணை. மலையைக் குடைந்து செல்லும் நீர். நிலத்தடியில் 201 மெகாவாற்று மின்னாக்கும் நிலையம். நீரினடியில் மூழ்கிய வயல்களும் விகாரைகளும். கடுங்கோடையில் நீர் வற்றும்போது கடதொர விகாரையின் இடிபாடு வெளித்தோன்றும். இவற்றைக் கண்டு வினா எழாத பிள்ளை உண்டோ?

பொருள் கிடைத்தபின் முறை யாது? முன்னர்க் கூறிய ஆறு வினாக்களையும் வகுப்பறையினுள் அழைத்தலே போதும். மூடுபனிக்கூடே தோன்றுவது மரக்குற்றியோ மனிதனோ என்று ஆங்கிலத்திலே ஐயுற்றுக் கேட்பது ஐயவினா. மலைநாட்டுப் பிள்ளைக்கு இதனை விளக்கவும் வேண்டா. மேசையைக் கடையாக்கிப் பருப்பு உண்டோ எனக் கேட்டு வாங்குவது கொளல்வினா. குடையின்றி வந்த தோழனிடம் குடை இல்லையோ என வினவித் தன் குடையை நீட்டுவது கொடைவினா. கதவை மூடினாயா என வினவி மூடச் செய்வது ஏவல்வினா. இந்நான்கும் நாவிற்குத் துணிவு தரும். ஐந்தாவதான அறியாவினாவுக்கு நாள்தோறும் பத்து நிமிடமேனும் ஒதுக்குக. பிள்ளைகள் தம் ஐயங்களைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதிப் பெட்டியில் இடட்டும். ஆசிரியர் ஒன்றை எடுத்து, அதனை எளிய ஆங்கில வினாவாக்கிக் கரும்பலகையில் எழுதி, விடையை எல்லோரும் கூடித் தேடட்டும்.

நியூசிலாந்தில் மாவோரிச் சிறார்க்கு ஆங்கில வாசிப்புக் கற்பித்த சில்வியா ஆஷ்டன் வோணர் அம்மையார், தம் அனுபவத்தை 1963இல் ஒரு நூலாக வெளியிட்டார். "இன்று உனக்கு எந்தச் சொல் வேண்டும்?" என்று அவர் ஒவ்வொரு பிள்ளையையும் கேட்பார். கேட்ட சொல்லை அட்டையில் எழுதிக் கொடுப்பார். மறுநாள் பிள்ளை மறந்த சொல் பிள்ளைக்கு உரியதன்று என அகற்றப்படும். அச்சமும் அன்பும் தோய்ந்த சொற்கள் ஒரே நோக்கில் மனத்திற் பதிந்தன. நம் பிள்ளை கேட்பது அட்டையாக இருக்கலாம், சிறுத்தையாக இருக்கலாம், வெளிநாட்டில் வேலை செய்யும் தாய் ஏறிச்சென்ற விமானமாகவும் இருக்கலாம். அச்சொல்லைக் கொடுத்தபின் பாடநூலின் சொற்களும் எளிதாக உட்புகும்.

இதற்குத் தடை கூறுவாரும் உளர். வகுப்பிற் பிள்ளைகள் பலர், பரீட்சை வருகின்றது, காலம் இல்லை என்பர். பரீட்சை வேண்டாமென நாம் கூறவில்லை. வாசித்து விளங்கும் பகுதியிலே தோல்வியுறுவோர், வாசிப்பதற்கு விருப்பம் ஊட்டப்படாதோரே. இன்னொரு தடையை வெளிப்படையாகச் சொல்வதில்லை. பிள்ளை கேட்கும் வினாவுக்கு விடை தெரியாவிடின் மதிப்புக் குறையுமே என்னும் ஆசிரியரது அச்சமே அது. "எனக்கும் தெரியாது, சேர்ந்து தேடுவோம்" என்று கூறும் ஆசிரியர், அறிவு தேடப்படும் முறையைத் தம் நடத்தையினாற் கற்பிக்கிறார். ஆங்கிலம் அறியாத பெற்றோரும் உதவ இயலும். மலையிலிருந்து திரும்பிய தாய், "இன்றைக்கு எத்தனை புள்ளி?" என்பதை விடுத்து, "இன்றைக்குப் படித்த ஒரு சொல்லை எனக்குச் சொல்லிக் கொடு" என்று கேட்டால், அவளே ஓர் அறியாவினாவை எழுப்பியவளாவாள், பிள்ளையோ ஆசிரியனாகும்.

இங்ஙனம் வினவக் கற்ற மனம் எவ்வளவு உயரலாம் என்பதற்குப் பூண்டுலோயாவை அடுத்த மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இற் பிறந்த ஸி. வி. வேலுப்பிள்ளை அவர்களைக் காட்டலாம். ஆசிரியராகவும் தொழிற்சங்கவாதியாகவும், 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவராகவும் விளங்கிய அவர், தம் மக்களின் உழைப்பையும் துயரையும் 1954இல் ஆங்கிலக் கவிதையாக்கி உலகின்முன் வைத்தார். அதனைச் சக்தீ பால ஐயா 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாக்கினார். அதே வேலுப்பிள்ளை, லயங்களில் வழங்கிய நாட்டார் பாடல்களையும் தேடித் தொகுத்தார். ஆங்கிலம் அவரைத் தம் மக்களிடமிருந்து பிரிக்கவில்லை. அவர்களை இன்னும் கூர்ந்து நோக்கும் கண்ணைத் தந்தது. நாம் வேண்டுவதும் அத்தகைய ஆங்கிலமே.

யூபிலி காலத்திற் பழைய மாணவர் கல்லூரிக்குக் கிண்ணங்களும் பரிசில்களும் வழங்குதல் மரபு. சிறந்த விடைக்குப் பரிசில் பல உள. சிறந்த வினாவுக்கு ஒரு பரிசிலேனும் வைத்தலாகாதா? நம்முள் வாய்ப்புடையோர், மலைச்சாரற் பாடசாலை ஒன்றுக்கு நல்லதோர் அகராதியையும், படங்கள் நிறைந்த எளிய ஆங்கில நூல்கள் சிலவற்றையும், ஓர் உருப்பெருக்குக் கண்ணாடியையும் அனுப்பி வைக்கலாம். அனுப்புவதோடு நில்லாது, ஆண்டுக்கு ஒரு நாள் நேரிற் சென்று, அப்பிள்ளைகள் கேட்கும் வினாக்களுக்கு விடையளிக்க அமரலாம். மருத்துவரும் பொறியியலாளரும் எழுதுவினைஞரும் வணிகரும் நம்மிடையே உளர். ஒவ்வொருவர் தொழிலிலும் பிள்ளை கேட்கத்தக்கது ஆயிரம் உண்டு. அங்கே நாம் அறிவினா ஒன்றும் கேட்க வேண்டா. அவர்கள் கேட்கட்டும், நாம் விடை தேடுவோம்.